பட்டை உயரமா இருந்தா போதுமா?

மருந்து நோட்டீஸில் வரும் கிராஃபை நம்புவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போயிருந்தேன். சித்தி வீடு அங்கேதான். கூட்டத்தில் நசுங்கி, கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தால், சித்தி திண்ணையில் சுவரோரமாய்ச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சித்தி, தபசு பாக்க வரலையா?"

"தலை ஒரு மாதிரி சுத்துதுப்பா. ராத்திரி பூரா தண்ணி தண்ணியாக் குடிக்கேன். நாலு தடவ எந்திரிச்சுப் போக வேண்டியிருக்கு."

சித்திக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. எனக்குச் சந்தேகம் தட்டியது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதீங்களா?" என்று கேட்டேன். சித்தி பதில் சொல்லவில்லை. தறி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாதான் உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: "அவ எங்க சாப்பிடுதா? பன்னெண்டு நாளா எல்லாத்தையும் நிறுத்திட்டா. ஏதோ பொடி சாப்பிடுதா!"

சித்தி எழுந்து போய், காலண்டர் ஆணியில் மாட்டியிருந்த நோட்டீஸை எடுத்து வந்து நீட்டினாள். பளபளவென்று ஆர்ட் பேப்பர். நடுவில் இரண்டு பட்டைகள். 'பொடி சாப்பிடாதவர்கள்' என்று சிவப்பில் ஒன்று, பனைமரம் மாதிரி நெட்டையாக. 'பொடி சாப்பிட்டவர்கள்' என்று பச்சையில் ஒன்று, முழங்கால் உயரத்துக்கு. மேலே, 'ரத்தத்தில் சர்க்கரை அளவு' என்று தலைப்பு.

"படம் போட்டுக் காட்டியிருக்காங்கல்லா? பொய்யா சொல்லுவாங்க?" என்றாள் சித்தி.

நியாயமான கேள்விதான். எழுத்தில் சொன்னால் நாம் கொஞ்சமாவது சந்தேகப்படுகிறோம். அதையே கட்டம் கட்டி, கலர் அடித்துக் காட்டினால் அப்படியே நம்பிவிடுகிறோம். 'பெரிய இடத்தில் ஆராய்ச்சி பண்ணியிருப்பாங்க' என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

முதல் வேலையாகச் சித்தியை டாக்டரிடம் கூட்டிப் போனோம். சர்க்கரை எகிறிக் கிடந்தது. டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து வைத்தார். "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அன்று சாயங்காலம் பேரனின் கணக்கு கிராஃப் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சித்திக்குப் பாடம் எடுத்தேன். அதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்!

சென்னையில் நடந்த கதை

இரண்டு கூட்டத்தாரை ஒப்பிடுவது எப்படி என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே, உலகம் திரும்பிப் பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது.

ஒரு காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. தாம்பரம் சானடோரியம் என்று ரயில்வே ஸ்டேஷனே இருக்கிறதே, அந்தப் பெயர் 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியால் வந்ததுதான். ஆனால் நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குக்குக்கூடக் காணாது. குடும்பத்தைக் காப்பாற்றுகிற மனிதர் ஒரு வருஷம் போய்ப் படுத்துக்கொண்டால் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்தியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசுதான்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: அதே மருந்தை வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் குணமாகாதா?

சென்னை நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகள், ஒரு வருஷத்துக்கு. வீட்டில் இருந்தவர்களை நர்ஸ் போய்ப் பார்த்தார். மருந்தை நிஜமாகவே சாப்பிடுகிறார்களா என்று சிறுநீரைச் சோதித்தும் பார்த்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷம் முடிந்தபோது சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. ஓட்டைக் குடிசையில், அரை வயிற்றுச் சாப்பாட்டோடு இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு அடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கணக்கில் வந்தவர்கள் சுமார் 80 பேர் வீதம்.

92, 86. இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் நம் பாடம்.

ஒரே எண்கள், இரண்டு படங்கள்

நீங்களும் ஒரு கிராஃப் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கோட்டில் பூஜ்யம் என்று எழுதுங்கள். பத்து சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். சானடோரியத்துக்கு 9.2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பட்டை. வீட்டுக்கு 8.6 சென்டிமீட்டரில் ஒரு பட்டை. எப்படி இருக்கிறது? இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று கொஞ்சம் வளர்த்தி, அவ்வளவுதான்.

இப்போது பக்கத்துத் தாளில், கீழ்க்கோட்டில் பூஜ்யத்துக்குப் பதிலாக 80 என்று எழுதுங்கள். ஒரு சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். சானடோரியம் 12 சென்டிமீட்டர். வீடு 6 சென்டிமீட்டர். ஆகா! ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு! பார்க்கிறவர் என்ன நினைப்பார்? 'வீட்டில் இருந்தால் பாதிப் பேருக்குத்தான் குணமாகும் போல' என்றுதானே?

எண்கள் மாறவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்க்கோட்டை மட்டும் தூக்கிவிட்டோம். பட்டைப் படத்தில் நம் கண் உயரத்தைத்தான் பார்க்கும். அதனால்தான் பட்டை என்றால் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்பது பாலபாடம்.

சித்தி நோட்டீஸை வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "கீழ எண்ணே இல்லையேப்பா!" என்றாள். ஆமாம். கீழேயும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. அது கிராஃபே இல்லை. கலர் அடித்த இரண்டு செங்கல்!

ஒரு சோறு பதம்... மனுஷனுக்கு?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். சோற்றுக்குச் சரி. எல்லா அரிசியும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. மனுஷன் அப்படியா? ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கேட்கிற மருந்து தம்பிக்குக் கேட்கிறதில்லை. ஆகவே எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பது முக்கியம்.

சென்னை ஆராய்ச்சியில் இந்த 80 பேருக்குப் பதில் வேறு 80 பேர் வந்திருந்தால்? அச்சாக 86 வந்திருக்காது. 82 வந்திருக்கலாம், 90 வந்திருக்கலாம். இந்த ஆட்டத்தைக் காட்டத்தான் நல்ல ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பட்டையின் தலையில் மேலும் கீழுமாக ஒரு கோடு போடுவார்கள். பூனை மீசை மாதிரி இருக்கும். நாமும் மீசை என்றே வைத்துக்கொள்வோம்.

80 பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வீட்டுப் பட்டையின் மீசை சுமார் 78-ல் இருந்து 94 வரை நீள்கிறது. சானடோரியம் பட்டையின் மீசை சுமார் 86-ல் இருந்து 98 வரை. (இப்படி மீசை போடுகிற முறையில், நூறு ஆராய்ச்சி நடந்தால் சுமார் 95-ல் உண்மையான அளவு மீசைக்குள் அடங்கிவிடும் என்பது கணக்கு.) இரண்டு மீசையும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறது.

ஆனால் மீசை உரசுகிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நமக்கு வேண்டியது இரண்டு பட்டைக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தையே தனியாகப் படம் போட்டுவிடலாமே! படுக்கைவாட்டில் ஒரு கோடு. நடுவில் பூஜ்யம், அதாவது 'வித்தியாசம் ஒன்றுமில்லை'. வலப்பக்கம் போனால் சானடோரியம் மேல். இடப்பக்கம் போனால் வீடு மேல். 92-ல் 86 போனால் மீதி 6. வலப்பக்கம் 6-ல் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கும் மீசை உண்டு: கணக்குப் போட்டால் இடப்பக்கம் சுமார் 4-ல் தொடங்கி, பூஜ்யத்தைத் தாண்டி, வலப்பக்கம் சுமார் 16 வரை போகிறது.

இதற்கு என்ன அர்த்தம்? சானடோரியம் கொஞ்சம் மேலாக இருக்கலாம். வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் துல்லியமாகச் சமம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் வீட்டு வைத்தியம் படுதோல்வி என்று சொல்ல இடமே இல்லை. படுக்கைக்காகக் காத்திருந்து செத்துப்போவதைவிட, நூற்றில் 86 பேர் வீட்டிலேயே குணமாவது எவ்வளவோ மேல் அல்லவா? 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டில் இருந்தே சிகிச்சை என்ற வழியில்தான் போனது. உலக நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டிய ஒரு படம், கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு வழி காட்டியது!

ஒரு எச்சரிக்கை. மீசையில் மூன்று நான்கு வகை உண்டு. சிலர் ஆட்களுக்குள் உள்ள ஏற்ற இறக்கத்தைக் காட்டுவார்கள். சிலர் சராசரியின் ஆட்டத்தைக் காட்டுவார்கள். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல்கூட நீளம் வரும். எந்த மீசை என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்க வேண்டும்.

ஒருவர் இழுத்த இழுப்பு

அடுத்தது சராசரி. இது கற்பனைக் கணக்கு. ஐந்து பேர் பொடி சாப்பிடாதவர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 148, 150, 150, 150, 152. சராசரி 150. இன்னொரு ஐந்து பேர் பொடி சாப்பிட்டவர்கள். 90, 145, 150, 155, 160. சராசரி 140.

'பொடி சாப்பிட்டால் சர்க்கரை பத்துப் புள்ளி குறையும்' என்று நோட்டீஸ் அடித்துவிடலாம். பட்டைப் படத்திலும் அப்படித்தான் தெரியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். 90 என்ற ஒரே ஒருவர்தான் மொத்தத்தையும் கீழே இழுத்திருக்கிறார். அவரை விட்டுவிட்டால் மீதி நான்கு பேரின் சராசரி 152.5. பொடி சாப்பிடாதவர்களைவிட அதிகம்! வரிசையாக நிறுத்தி நடு ஆளைப் பார்த்தால் இரண்டு பக்கமும் 150-தான்.

ஆட்கள் குறைவு என்றால் பட்டையே வேண்டாம், ஆளுக்கு ஒரு புள்ளி போதும். நிறையப் பேர் என்றால் பெட்டிப் படம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் ஜான் டூக்கி பிரபலப்படுத்தியது. அதில் பெட்டிக்குள் நடுவில் இருக்கும் பாதிப் பேர், பெட்டியைக் குறுக்கே வெட்டும் கோடு நடு ஆள், இரண்டு பக்கமும் நீளும் கோடு மற்றவர்கள். தனியாகத் தெறித்து நிற்கிற ஆளைத் தனிப் புள்ளியாகவே காட்டிக் கொடுத்துவிடும்.

யாரை யாரோடு?

இந்த இடத்தில் சித்தப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு தறியில எது நல்ல தறின்னு பாக்கணும்னா ரெண்டுலயும் ஒரே நூலுல்லா போடணும்? ஒண்ணுல நல்ல நூலு, ஒண்ணுல மட்ட நூலு போட்டா எப்பிடித் தெரியும்?" என்றார். நான் ஒரு மணி நேரமாகச் சொல்ல நினைத்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டார்!

பொடி வாங்குகிறவர் யார்? உடம்பில் அக்கறை உள்ளவர். அவர் மாத்திரையும் சாப்பிடுவார், காலையில் நடக்கவும் போவார், பாயசத்தைக் கண்டால் ஒதுங்குவார். அவருக்குச் சர்க்கரை குறைந்தால் அது பொடியினாலா, நடையினாலா? அதனால்தான் சென்னையில் சீட்டுக் குலுக்கினார்கள். வசதியுள்ளவர், தெம்பானவர் எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் கலந்து விழ வேண்டும்.

எதை அளந்தார்கள் என்பதும் முக்கியம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, அங்கே இருந்தவர்களுக்கு வீட்டில் இருந்தவர்களைவிட எடை அதிகம் கூடியது. எடையை மட்டும் பட்டையாகப் போட்டிருந்தால் 'சானடோரியமே சிறந்தது' என்று ஊர் நம்பியிருக்கும். அவர்கள் அதோடு நிற்காமல் கிருமி போயிற்றா என்று பார்த்தார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா என்றும் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். தொற்றவில்லை. சிகிச்சை தொடங்கிவிட்டால் நோய் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது.

'குடித்தால் உயரம் கூடும்', 'பூசினால் முடி வளரும்' என்று டி.வி.யில் பட்டை வந்தாலும் இதே கேள்விதான். என்ன அளந்தார்கள்? அது நமக்கு வேண்டியதுதானா?

சித்தியின் கிராஃப்

ஊருக்குக் கிளம்பும் முன் சித்திக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு வந்தேன். பேரனின் கிராஃப் நோட்டில் பக்கவாட்டில் பூஜ்யத்தில் இருந்து 300 வரை எண். கீழே தேதி. டாக்டர் சொன்ன நாட்களில் பரிசோதனை செய்து ஒரு புள்ளி. அந்த நோட்டை டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் மட்டுமே மருந்தில் மாற்றம்.

போன மாதம் சித்தி போன் பண்ணினாள். "நாலு புள்ளி வச்சாச்சுப்பா. எல்லாம் எறங்கித்தான் இருக்கு. அந்தப் பொடிக்காரன் திரும்ப வந்தான். படத்தைக் காட்டினான். 'எத்தனை பேரைப் பாத்தீங்க, கீழ எண்ணைக் காணோமே'ன்னு கேட்டேன்..."

"என்ன சொன்னான்?"

"அடுத்த வீட்டுக்குப் போயிட்டான்!"

அடுத்த வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டால், அவன் தெருவையே விட்டுப் போக வேண்டியதுதான்.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்: கிராஃபைப் பார்த்ததும் ஆறு கேள்விகள்

1. எண் இருக்கிறதா? பட்டை பூஜ்யத்தில் இருந்து தொடங்குகிறதா?

2. ஒவ்வொரு பக்கமும் எத்தனை பேர்?

3. மீசை உண்டா? அது எதைக் காட்டும் மீசை?

4. சராசரி மட்டுமா, ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கமும் தெரிகிறதா?

5. இரண்டு கூட்டமும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருந்தார்களா? யார் எந்தப் பக்கம் என்று எப்படிப் பிரித்தார்கள்?

6. அளந்தது நமக்கு வேண்டிய விஷயம்தானா?

ஆறுக்கும் பதில் கிடைத்தாலும், டாக்டரைக் கேட்காமல் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டி.பி.க்கு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு வீட்டில் இருந்தபடியே ஆறு மாதச் சிகிச்சை போதும்.